கைமாறி வரும் வண்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய புலவர் பெருமகனார் கம்பனின் கவிநயத்தை எடுத்துரைத்து நம்மையெல்லாம் அயோத்திக்கு அழைத்துச் சென்றார். எனக்குப் பின் நம் சிறுமியர் நாட்டியம் ஆட இருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே, பழைய வேன் ஒன்றைப் பார்த்து வாங்குவது எப்படி என்று பேசுவதற்கு என்னை நிறுத்தியிருக்கிறார் செயலாளர். தலைவாழை இலையில் பாயசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவே யாரோ ஒரு ஸ்பானரை வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது என் நிலை. எனினும் அவர் காட்டிய காரணத்தை என்னால் மறுக்க இயலவில்லை. சென்ற ஓராண்டில் நம் உறுப்பினர்களில் ஏழு குடும்பத்தார் பழைய வேன் வாங்கியிருக்கின்றனர். அவர்களில் மூவர், வாங்கிய மறுமாதமே என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வாங்குவதற்கு முன் தட்டியிருக்கலாகாதா என்று கேட்டேன். "உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இருந்துவிட்டோம்" என்றார்கள். இந்த மரியாதைதான் நம்மவர்க்குப் பெருஞ்செலவு வைக்கிறது.

நம் குடும்பங்களுக்கு வேன் என்பது உல்லாச ஊர்தி அன்று. தாராவியின் சந்துகளில் நள்ளிரவு கழிந்ததும் அடுப்பு மூட்டி, விடியுமுன் இட்டலியும் வடையும் சட்டினியும் பாத்திரங்களில் ஏற்றி நகரத்தின் நாற்றிசைக்கும் அனுப்பும் குடும்பங்கள் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். சைக்கிளில் தொடங்கிய அத்தொழில் சற்றுப் பெருகும்போது முதலில் வேண்டுவது ஒரு வேன். மாட்டுங்காவில் திருமணச் சமையல் ஏற்று நடத்துவோர்க்கு அண்டாவும் ஆளும் ஒரே வண்டியில் போயாக வேண்டும். செம்பூரில் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருசேர ஏற்றிக்கொண்டு முருகன் கோயிலுக்கும் மருத்துவரிடமும் செல்வோர்க்கு ஐவர் அமரும் கார் போதுவதில்லை. புதிய வண்டி வாங்கப் பொருள் போதாதபோது, பிறர் ஓட்டிய வண்டியை நாடுகிறோம். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஏமாறுவதுதான் துன்பம்.

நம்மவர் பெரிதும் நாடுவன இரண்டு. ஒன்று மாருதி ஆம்னி. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019இல் உற்பத்தி நின்றது. முப்பத்தைந்து ஆண்டுகள்! திரைப்படத்தில் யாரையேனும் கடத்த வேண்டுமானால் அந்த வேன்தான் வந்து நிற்கும். பக்கக் கதவு இழுபடும் ஓசை கேட்டாலே கொட்டகையில் குழந்தைகள் தாய்மடியில் ஒளிந்துகொள்ளும். மற்றொன்று 2010இல் வந்த ஈக்கோ. ஆம்னியின் எஞ்சின் மூன்று சிலிண்டரும் 796 சி.சி. கொள்ளளவும் உடையது, மாருதி 800 காரின் எஞ்சினும் அதே அளவே. ஆகவே உற்பத்தி நின்றபின்னும் அதற்குப் பாகம் கிடைப்பது அரிதன்று. குர்லாவில் சி.எஸ்.டி. சாலையில் நடந்தால் போதும். (அந்த சி.எஸ்.டி. ரயில் நிலையத்தின் பெயர் அன்று. சென்ட்ரல் சால்செட் டிராம்வே என்று ஒரு காலத்தில் அவ்வழியே அமைந்த டிராம் பாதையின் பெயர். டிராம் போயிற்று, பெயர் நின்றது.)

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இழப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பதே என் தொழில். ஆகையால் வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நீங்கள் நினைப்பது இயல்பு. நானும் அவ்வாறே நினைத்திருந்தேன், 2006ஆம் ஆண்டு வரை.

2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாளை இந்நகரில் வாழ்ந்தோர் எவரும் மறவார். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரை கடந்தது. குர்லா, கலினா, தாராவி, செம்பூர் எங்கும் வண்டிகள் கூரை மட்டும் தெரிய நின்றன. அடுத்த சில மாதங்கள் எங்களுக்கு உணவு உண்ண நேரமில்லை. நீரில் மூழ்கிய வண்டியைச் செப்பனிடும் செலவு அதன் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டை விஞ்சினால் "மொத்த இழப்பு" என்று எழுதுவோம். உரிமையாளருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். வண்டி, கிடந்த நிலையிலேயே ஏலத்துக்குப் போகும். அதை எடுப்பவர் உடைத்துப் பாகமாக விற்கலாம். கழுவித் துடைத்து, வண்ணம் பூசி, முழு வண்டியாகவும் விற்கலாம். இரண்டாவதில் இலாபம் மிகுதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வாறு நான் எழுதிய அறிக்கைகள் எத்தனையோ. எழுதிக் கையெழுத்திட்டபின் அவ்வண்டிகள் எங்கே போகின்றன என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்தவன் அல்லன்.

2006 பிப்ரவரியில் தாராவியிலிருந்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவயதில் வந்து, மிதிவண்டியில் இட்டலி விற்று, நாற்பத்தைந்து வயதில் நான்கு பேருக்கு வேலை கொடுத்து வந்தவர். ஓர் ஆம்னி விலைக்கு வந்திருக்கிறது, 2001ஆம் ஆண்டு வண்டி, விலை ரூ. 92,000, வந்து பாருங்கள் என்றார். வீட்டம்மாள் சீட்டைத் தள்ளி எடுத்திருந்தார். மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. விற்றவர் யார், எவ்விடம் என்பது இங்கு வேண்டா. நான் வேலை முடிந்து மாலை ஆறரை மணிக்குச் சென்றேன். டியூப் விளக்கின் ஒளியில் வண்டி பளபளத்தது. எஞ்சின் முன்னமே ஓடிச் சூடாக இருந்தது. ஓசையைக் கேட்டேன், சீராக இருந்தது. டயர்களை உதைத்துப் பார்த்தேன். எதற்காக உதைக்கிறோம் என்பது எனக்கு இன்றளவும் தெரியாது, எல்லோரும் செய்கிறார்கள். சாலையில் ஒரு சுற்று ஓட்டினேன். "தம்பி பார்த்துச் சரின்னு சொல்லிட்டா எனக்குப் போதும்" என்றார் அண்ணாச்சி. நான் தலையசைத்தேன்.

ஜூன் மாதம் முதல் மழை. விடியற்காலை நாலரை மணிக்குக் கிங்ஸ் சர்க்கிள் அருகே வண்டி நின்றுவிட்டது. உள்ளே ஆயிரத்து இருநூறு இட்டலி. அடுத்த பத்து நாளில் மேலும் மூன்று முறை நின்றது. இரண்டு உணவகங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. மெக்கானிக் திறந்து காட்டியபோதுதான் என் கண்ணும் திறந்தது. ஃபியூஸ் பெட்டிக்குள் செம்பு முனைகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. கால்மிதி விரிப்பின்கீழ்த் தகரம் பொரிப்பொரியாக உதிர்ந்தது. மூன்று சிலிண்டரில் ஒன்றின் கனெக்டிங் ராடு இம்மியளவு வளைந்திருந்தது. ஓட்டுநர் இருக்கைப் பட்டையை அவர் முழுவதும் வெளியே இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த கடைசி முழத்தில் மித்தி ஆற்றின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஐந்து மாதமாக அது அங்கேதான் இருந்தது. நான் அந்தப் பட்டையைத் தொட்டிருந்தால் போதும்.

அவ்வண்டி நான் எழுதிய அறிக்கைகளில் ஒன்றோ என்று என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். அன்று. ஆயினும் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இல்லை.

இத்துறையில் ஒரு கதை உண்டு. 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டா என்று திருப்பியபின் நான்காவது இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரை அது. 2001இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைக்க அதுவே முதற்காரணம். அதன் பொருள் யாது தெரியுமா? பழைய கார் வாங்குவதுதான்! அமெரிக்க வழக்கில் ஏமாற்று வண்டிக்கு எலுமிச்சை என்று பெயர். நாம் புது வண்டியின் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். அவர்கள் வண்டியையே எலுமிச்சை என்கிறார்கள். அவர் சொன்னது எளிது. விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவான ஒரு விலையைத்தான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது. அவன் விற்காமல் வைத்துக்கொள்வான். கெட்ட வண்டிக்காரனுக்கு அது இலாபம். அவன் ஓடி வருவான். நாளடைவில் சந்தையில் நிற்பவை பெரும்பாலும் எலுமிச்சைகளே. அந்த அறிஞர் ஓராண்டு டில்லியில் தங்கி இருந்தவர். நம் நாட்டுக் கடைகளில் அரிசியின் நிறத்திலும் வடிவிலும் கல்லைக் கலந்துவிடுவதும், இல்லத்தரசிகள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதும் அக்கட்டுரையில் இடம்பெற்றுள்ளன. தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டா. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கத் தெரிந்த உங்களை வீட்டில் விட்டுவிட்டு, டயரை உதைக்கும் எங்களைப் போன்றோர் வேன் வாங்கப் போகிறோமே, அதுதான் பிழை.

கல் பொறுக்கும் முறையைச் சொல்கிறேன். முதலாவது, காலையில் போங்கள். எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும்படி முன்னரே சொல்லிவிடுங்கள். ஆம்னிக்கும் ஈக்கோவுக்கும் எஞ்சின் முன்னிருக்கையின் அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கிக் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். காபி அருந்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. கிளப்பியவுடன் பின்னால் ஒருவர் நின்று புகையைக் காண வேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிகிறது என்பதற்கு அடையாளம். வெண்புகை சற்று நேரத்தில் மறைந்தால் பனியின் ஈரம். மறையாமல் தொடர்ந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் அவ்வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை அறிவதற்குத் தனிக் கண் வேண்டும். இந்நகரில் ஹிந்த்மாதாவும் கிங்ஸ் சர்க்கிளும் ஆண்டுதோறும் நீர் தேங்கும் இடங்கள். 2015இல் சென்னையிலும் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மீண்டும் வந்தது. ஊரிலிருந்து உறவினர் மலிவாக அனுப்பும் வண்டிக்கும் இச்சோதனை வேண்டும். பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துருவைத் தேடுங்கள். அவ்விடத்தில் மழைநீர் படுவதற்கு வழியில்லை. விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கீழே பாருங்கள். முன்விளக்கின் உட்புறம் நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றி, கதவை மூடி, ஐந்து நிமிடம் உள்ளே சும்மா உட்காருங்கள். ஈரச்சாக்கின் வாடை வந்தால் அது சாக்கின் வாடை அன்று. ஊதுவத்தி மணமோ செண்டு மணமோ மூக்கைத் துளைத்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் நீர் உறிஞ்சப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் விளக்கிவிடுகிறேன். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. மேலே எழும் பிஸ்டன் நீரில் முட்ட, கனெக்டிங் ராடு வளைகிறது. சிறிதே வளைந்தால் வண்டி உடனே நிற்காது. பல மாதம் ஓடும். அந்த ஒரு சிலிண்டரில் அழுத்தம் மட்டும் மற்றவற்றினும் குறைவாக இருக்கும். ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் அளவு எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இச்சோதனைக்கு விற்பவர் இணங்க மறுத்தால், அந்த மறுப்பே ஓர் எண்தான்.

அடுத்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்னும் கேள்வி. மீட்டர் காட்டும் எண்ணை நான் படிப்பதே இல்லை. திருப்பி வைப்பது எளிது. கிளட்ச் மிதியின் ரப்பரைப் பாருங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் அது மழமழவென்று தேய்ந்திருக்க நியாயமில்லை. ரப்பர் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. 2019ஆம் ஆண்டு வண்டி, ஓடியது பதினெட்டாயிரமே என்கிறார். நான்கு டயரும் 2023இல் செய்தவை. முதல் டயர்கள் எங்கே போயின? வேன்களுக்கென்றே இன்னொரு சாட்சி உண்டு. அது பக்கக் கதவு ஓடும் தண்டவாளம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டியில் ஒரு நாளைக்கு அக்கதவு நாற்பது ஐம்பது முறை திறந்து மூடும். உருளை தேய்ந்து, கதவு தொங்கி, மூடும்போது தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். "டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய வண்டி" என்று சொல்லிக்கொண்டே தரகர் கதவைத் தூக்கிச் சாத்துவார். அந்த மருத்துவருக்கு எத்தனை பிள்ளைகளோ!

ஓட்டிப் பார்ப்பதற்குத் தனியாகப் போகாதீர்கள். நீங்கள் ஏற்றப்போவது பாரம். ஆகவே குடும்பத்தில் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஒன்றின் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்புங்கள். எஞ்சின் கத்தியும் வண்டி நகராவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. தரகர் இதை விரும்பமாட்டார். அவர் விரும்ப வேண்டும் என்பதற்காக நாம் போகவில்லை.

காகிதங்களைப் பற்றி விரைவாகச் சொல்கிறேன்; இவை கடினமல்ல, சோம்பலால் விடுகிறோம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஓரெழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். அரசின் வாகன் இணையதளத்தில் வண்டி எத்தனையாவது கை, கடன் பதிந்துள்ளதா என்பவற்றைப் பார்த்துவிடுங்கள். கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30உம், வேறு மாநிலத்துக்குப் போவதானால் படிவம் 28உம் வேண்டும். கட்டாத அபராதச் சலான்கள் இருந்தால் விற்பவரே கட்டட்டும். விற்பவர் இன்சூரன்ஸில் பெறும் கோரிக்கையில்லாச் சலுகை அவருக்கே உரியது, வண்டிக்கு உரியது அன்று. ஆகவே அவர் கட்டிய பிரீமியம் உங்களுக்குக் கிட்டாது. சி.என்.ஜி. பொருத்திய வண்டியானால், அது ஆர்.சி.யில் பதிந்திருக்கிறதா என்பதோடு, சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதித்ததற்கான சான்றையும் கேளுங்கள். இதில் மட்டும் முகதாட்சணியம் வேண்டா. அந்தச் சிலிண்டரின் பக்கத்தில்தான் உங்கள் பிள்ளைகள் அமரப் போகிறார்கள்.

விற்போர்க்கும் ஒரு சொல். பணம் வாங்கிச் சாவி கொடுத்ததோடு வண்டி உங்களை விட்டுப் போய்விடாது. பதினான்கு நாட்களுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தது; பெயர் மட்டும் முதல்வருடையதாகவே இருந்தது.

இனி விலை. வண்டிக்கு என்ன விலை என்று கேட்கிறோம். ஓராண்டுக்கு என்ன விலை என்று கேட்பதில்லை. தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பின்னர்த் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம்; ஆனால் 2022 ஏப்ரலில் கார் வகைகளுக்கு அக்கட்டணம் ரூ. 600லிருந்து ரூ. 5,000 ஆக உயர்ந்தது; மகாராட்டிரத்தில் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. எடுத்துக்காட்டாக இரு வண்டிகளை எண்ணிக்கொள்வோம். முதல் வண்டி ரூ. 1,80,000, பதிவு இன்னும் மூன்றாண்டு. டயர், பாட்டரி, கிளட்ச் என்று ரூ. 45,000 உடனே செலவு. மூன்றாண்டு கழித்து ரூ. 45,000க்குப் போகும் என்று கொண்டால், ஆண்டுக்கு விழுவது ரூ. 60,000. இரண்டாவது வண்டி ரூ. 2,90,000, பதிவு எட்டாண்டு. உடனடிச் செலவு ரூ. 20,000. எட்டாண்டு கழித்து ரூ. 50,000 வந்தால், ஆண்டுக்கு ரூ. 32,500. மலிவான வண்டி ஏறக்குறைய இருமடங்கு விலை. இட்டலி வியாபாரிக்கு இதனோடு வண்டி நிற்கும் நாட்களின் இழப்பையும் கூட்ட வேண்டும். அண்ணாச்சியின் கணக்கில் வண்டி நின்றதால் நேர்ந்த நட்டம், அதைச் செப்பனிட்ட செலவினும் பெரிது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வகை வேன்கள் நகருக்குள் உழைப்பதற்கு ஏற்றவை. ஊர்ப்பயணத்துக்கு ஏற்றவை என்று நான் சொல்லமாட்டேன். முன்புறத்தில் மோதலைத் தாங்கும் இடம் மிகக் குறைவு. 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு காற்றுப்பையில்லாத ஈக்கோவை மோதிச் சோதித்தபோது பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில். கோடை விடுமுறையில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டித் திருநெல்வேலி போவதாகச் சில இளைஞர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ரயிலில் போங்கள், ஐயா. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் போங்கள்.

அண்ணாச்சியின் வண்டி என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஓர் அம்மையார் கேட்கிறார். சொல்கிறேன். அவருக்கு அறிவுரை கூற ஆள் பஞ்சமில்லை. "ஒரு பெயிண்ட் அடித்து, பட்டையை மாற்றி, வெளியூருக்குத் தள்ளிவிடுங்கள், எண்பதாயிரம் வரும்" என்றார் ஒருவர். பட்டையை மாற்றுங்கள் என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அண்ணாச்சி என்னிடம் வந்து, "தம்பி என்ன சொல்லுதீய?" என்று கேட்டார். முன்னம் தலையசைத்தவனுக்கு இப்போது வாய் திறக்கவில்லை. அருகில் மாவு வழித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவிதான் பேசினார். "நம்மள மாதிரி இன்னொருத்தி சங்கிலிய வச்சுத்தான் வாங்குவா. வேண்டாம்." அவ்வளவே. வண்டி குர்லாவில் பாகமாகப் பிரிந்தது. கைக்கு வந்தது ரூ. 21,000. மூன்றாண்டு மிதிவண்டியும் டாக்சியுமாக ஓட்டி, 2009இல் வேறு வேன் வாங்கினார். அம்முறை நான் பட்டையை மட்டுமன்று, இருக்கையையே கழற்றிப் பார்த்தேன். விற்பவர் என்னைப் பித்தன் என்று நினைத்திருப்பார்.

அக்கர்லாஃப் சொன்ன நோய்க்கு அவரே சில மருந்தும் சொல்லியிருக்கிறார். உறுதிமொழிச் சீட்டு ஒன்று, நற்பெயர் மற்றொன்று. முகமறியாச் சந்தையில் நற்பெயருக்கு இடமில்லை. இம்மண்டபத்தில் இருக்கிறது. நாளை மறுநாள் இதே படிக்கட்டில் சந்திக்க வேண்டிய ஒருவருக்குச் சேற்றுப் பட்டையை மறைத்து விற்க மனம் துணியாது. இதனால் செயலாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். நம் நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். வண்டி விற்க விரும்பும் உறுப்பினர், அதன் குறைகளைத் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். நிறைகளை எழுத வேண்டா. அவற்றை வாயால் சொல்லிக்கொள்ளலாம். செயலாளர் இணங்கினார், ஆனால் முதல் பக்கத்தை நானே எழுத வேண்டும் என்றார். எழுதியிருக்கிறேன். படிக்கிறேன்:

"ஈக்கோ, 2014ஆம் ஆண்டு வண்டி. முதல் கை. இடப்பக்கக் கதவு மழைக்காலத்தில் இறுகும். குளிர்சாதனத்தின் கம்ப்ரெசர் 2021இல் மாற்றப்பட்டது. பின்பக்க பம்பர் என் மருமகன் தூணில் மோதியதால் நெளிந்தது. டிங்கரிங் செய்தது தெரியும். 2019 ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிளில் நின்றது. நீர் கால்மிதி வரை வந்தது, எஞ்சின் ஓடவில்லை, விரிப்பு மாற்றப்பட்டது. இருக்கைப் பட்டைகள் பழையவையே. இழுத்துப் பார்க்கலாம்."

விலை கேட்க விரும்புவோர் நாட்டியம் முடிந்தபின் வரலாம். வண்டி வாசலில் நிற்கிறது. எஞ்சின் காலையிலிருந்து குளிர்ந்தே இருக்கிறது.